இஸ்தான்புல்லில் அத்தை தலையாட்டிய கதை

வெளிநாடு போய்வந்தவர்கள் எல்லோரும் பாஷை தெரியாமல் திண்டாடிய கதைகளையே சொல்வார்கள். எங்கள் குடும்பத்துக்குப் பிரச்சினை வந்தது பாஷையால் அல்ல, தலையாட்டலால்.

போன மே மாதம் துருக்கியில் இருக்கும் இஸ்தான்புல் போயிருந்தோம். நான், கணவர், அத்தை (அதாவது மாமியார்), ஏழாவது படிக்கும் மகள், ஒன்றாவது படிக்கும் மகன். அத்தைக்கு முழங்கால் வலி, சுத்த சைவம், வெளிநாட்டிலும் புடவைதான். இந்தக் கூட்டத்தை வைத்துக்கொண்டு ஒரே நாளில் ஊரைச் சுற்றிக்காட்டும் பஸ் டூர் எல்லாம் சரிப்படாது என்பதால் நாங்களே கிளம்பிவிட்டோம்.

காலையில் முதலில் நீல மசூதி. 1609-இல் ஆரம்பித்து ஏழெட்டு வருடத்தில் கட்டி முடித்தது, ஆறு மினார்கள். உள்ளே போகக் கட்டணம் இல்லை, தொழுகை நேரத்தில் மட்டும் வெளியாட்களை நிறுத்திவைக்கிறார்கள். முக்காடு வாங்க ஒரு வரிசை நின்றது. அத்தை முந்தானையைத் தலையில் போட்டு, இடுப்பு தெரியாமல் ஒரு சால்வையைச் சுற்றிக்கொண்டு நேராகப் போய்விட்டார். வாசலில் இருந்தவர் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு "ஹிந்திஸ்தான்? ஷாருக் கான்?" என்றார். அன்று முழுவதும் நாலைந்து பேர் அதையே கேட்டார்கள்.

எதிரே ஹாகியா சோபியா. 537-இல் ரோமப் பேரரசர் ஜஸ்டினியன் கட்டி முடித்த தேவாலயம், 1453-இல் துருக்கியர் ஊரைப் பிடித்த பிறகு மசூதி, நடுவில் பல வருடம் அருங்காட்சியகம், 2020-இல் மறுபடியும் மசூதி. 2024 ஜனவரியிலிருந்து சுற்றுலா வருபவர்களுக்குத் தலைக்கு 25 யூரோ வைத்து, மேல்மாடத்துக்கு மட்டும் அனுப்புகிறார்கள். நாங்கள் போகவில்லை. போய்வந்தவர்கள் சண்டைக்கு வராதீர்கள்! தனியாகப் போயிருந்தால் நானும் போயிருப்பேன். முழங்கால் வலிக்காரரும் ஆறு வயதுப் பையனும் உடன் இருந்தால் கணக்கே வேறு.

அந்தக் காசைப் பக்கத்தில் இருக்கும் நிலத்தடி நீர்த்தேக்கத்துக்குக் கொடுத்தோம். அதுவும் சல்லிசு இல்லை. ஆனால் வெயிலிலிருந்து இறங்கினால் உள்ளே சில்லென்று இருக்கிறது. 336 தூண்கள், கீழே கணுக்கால் அளவுத் தண்ணீர். கடைசியில் இரண்டு தூண்களுக்கு அடியில் மெதுசாவின் (கிரேக்கப் புராணத்தில் வரும் பாம்புக் கூந்தல்காரி) தலையைப் பீடமாக வைத்திருக்கிறார்கள், ஒன்று தலைகீழாக, ஒன்று பக்கவாட்டில். வேறு ஏதோ கட்டடத்திலிருந்து பெயர்த்து வந்த கல்லாம். என் பையன் தலைகீழாகக் குனிந்து அதன் முகத்தைப் பார்த்துவிட்டு, வரிசையில் வந்த எல்லோரையும் அப்படியே குனிந்து பார்க்கச் சொல்லிக்கொண்டிருந்தான். ஒரு ஜப்பானியத் தாத்தா நிஜமாகவே குனிந்தார்.

வெளியே வந்ததும் ஐஸ்கிரீம் கடை. சாலெப் கிழங்கு மாவு சேர்ப்பதால் ஜவ்வு மாதிரி இழுபடும் அந்த ஐஸ்கிரீமை நீளக் கம்பியில் ஒட்டிக் கொடுப்பதும் பிடுங்குவதுமாக வித்தை காட்டுவார்களே, அதுதான். பெரியவள் சிரித்தாள். சின்னவன் மூன்றாவது தடவை கோன் கையை விட்டுப் போனதும் தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டான். பாவம், அந்த ஆள் பதறிப்போய் கடையை விட்டு இறங்கி வந்து கையில் கொடுத்தார்.

அங்கிருந்து டிராமில் எமினோனு படகுத்துறை. எங்களுக்கு முன்னால் பாலிஷ் பெட்டியோடு ஒருவர் நடந்துகொண்டிருந்தார். பிரஷ் கீழே விழுந்தது. கணவர் எடுத்துக் கொடுக்க, அவர் நன்றி சொல்லி, ஷூவைத் துடைத்தே தீருவேன் என்று உட்கார்ந்தார். பாலிஷ் போட்டு முடித்ததும் பெரிய தொகை கேட்பது அந்த ஊரில் பழைய தந்திரம். பக்கத்தில் சிமித் (எள் தூவிய வளைய ரொட்டி) விற்றுக்கொண்டிருந்த பையன் கணவரைப் பார்த்து வாயே திறக்கவில்லை. புருவத்தை உயர்த்தி, தலையை லேசாகப் பின்னால் சாய்த்து, "ப்ச்" என்றான். எங்களுக்குப் புரிவதற்குள் அத்தைக்குப் புரிந்துவிட்டது. "டேய், வேண்டாம்ங்கிறான்டா, வா" என்று என் கணவரை இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். ஊர்ப்பக்கம் பாட்டிமார்கள் 'இல்லை' என்பதற்கு ப்ச் கொட்டுவதைக் கேட்டு வளர்ந்தவர் அவர்.

படகுத்துறையில் இஸ்தான்புல்கார்ட் (டிராம், படகு எல்லாவற்றுக்கும் பணம் போட்டு வைத்துக்கொள்ளும் பயணக் கார்டு) ஒன்றையே எல்லோருக்கும் மாற்றி மாற்றித் தட்டினோம், அப்படிச் செய்யலாம். கடைசி ஆளுக்குப் பணம் போதாமல் மெஷின் கத்தியது. பின்னால் நின்ற கல்லூரிப் பையன் தன் கார்டைத் தட்டி என்னை உள்ளே விட்டான். கணவர் நோட்டை நீட்டினார். அவன் வலது கையை நெஞ்சில் வைத்து லேசாகக் குனிந்துவிட்டுப் போயே போய்விட்டான்.

இருபது நிமிடத்தில் ஐரோப்பாவிலிருந்து ஆசியாவுக்கு, கடிகோய் கரைக்கு. பஸ் டிக்கெட் மாதிரிதான் விலை. கடல்காகங்கள் கூடவே பறந்து வருகின்றன, சிமித்தைப் பிய்த்துப் போட்டால் காற்றிலேயே கவ்விக்கொள்கின்றன. காலையில் காசு கொடுக்காமல் விட்ட ஹாகியா சோபியா, நீல மசூதி, தோப்காபி அரண்மனை மூன்றும் ஒரே பார்வையில் தெரிந்தது இங்கிருந்துதான்.

அந்தக் கரையில் மோடா என்ற பகுதியில், கடலைப் பார்த்து மரத்தடியில் ஒரு தேநீர்த் தோட்டம். இடுப்பு ஒடுங்கிய சின்னக் கண்ணாடி கிளாஸில் பால் இல்லாத டீ, தட்டில் இரண்டு சர்க்கரைக் கட்டி, குட்டி ஸ்பூன். பாலில்லாத டீயை அத்தை முதலில் முறைத்தார், அப்புறம் குடித்தார். கிளாஸ் காலியானதும் டிரேயோடு சுற்றும் பையன் வந்து புருவத்தால் கேட்டான். அத்தை 'நல்லாயிருந்துச்சுப்பா' என்ற அர்த்தத்தில் நம்ம ஊர் ஆட்டு ஆட்டினார். இன்னொரு கிளாஸ் வந்தது. வைத்ததைத் திருப்பி அனுப்பக் கூடாது என்று அதையும் குடித்தார். அடுத்த முறை உஷாராக, வேண்டாம் என்று இடமும் வலமுமாகத் தலையை அசைத்தார். அங்கே அப்படி அசைத்தால் 'புரியவில்லை' என்று அர்த்தம்! அவன் மறுபடி, கொஞ்சம் சத்தமாகக் கேட்டான். அத்தை சங்கடத்தில் சிரித்து ஒரு ஆட்டு ஆட்ட, மூன்றாவது கிளாஸ். நாங்கள் உதவியிருக்கலாம்தான். ஆனால் மகள் மேஜைக்குக் கீழே போய்ச் சிரித்துக்கொண்டிருந்தாள், எனக்கும் பேச்சு வரவில்லை.

பக்கத்து மேஜையில் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்த ஒரு பாட்டி இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். எழுந்து வந்து, அத்தையின் தட்டிலிருந்த ஸ்பூனை எடுத்து, கிளாஸின் வாய்க்குக் குறுக்கே படுக்கவைத்தார். பையன் அடுத்த சுற்றில் வந்தான், ஸ்பூனைப் பார்த்தான், தாண்டிப் போனான். அவ்வளவுதான் சங்கதி. பிறகு அந்தப் பாட்டி தன் மூக்கைத் தொட்டுக் காட்டி அத்தையின் மூக்குத்தியைப் பற்றி என்னவோ கேட்டார். அத்தை தமிழிலேயே, குத்தினால் வலிக்காது, இப்போதும் குத்திக்கொள்ளலாம் என்று விளக்கினார். அரைமணி நேரம் போனது.

அங்கே சைவச் சாப்பாடு கிடைக்குமா என்று கேட்பீர்கள். கஷ்டமில்லை. சிவப்புப் பருப்பு சூப் எல்லா இடத்திலும் கிடைக்கும், ஆனால் சில கடைகளில் எலும்புச் சாறு சேர்ப்பார்கள், கேட்டுவிடுங்கள். கீரையோ உருளைக்கிழங்கோ வைத்துச் சுடும் கோஸ்லெமே நம் சப்பாத்தி ஜாதி, அத்தைக்கு அதுதான் பிடித்தது. பெரியவர்களோடு போனால் கடிகோய் துறையிலிருந்து மோடாவுக்கு நடக்க வேண்டாம். சின்னப் பழைய டிராம் ஒன்று வட்டமாகச் சுற்றி வருகிறது, அதே கார்டு போதும்.