பச்சை தெரிந்தால் போதுமா?

நங்கூரம்:
நேற்று தூண்டில் துரை இங்கே எழுதியதைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. கோவளத்தில் புதிதாக மீன்பிடிக்கப் போகும் ஒருவர், காற்றடைக்கும் லைஃப் ஜாக்கெட்டை எப்படிப் பராமரிப்பது என்று கேட்டிருந்தார். இவர் சொன்ன பதில் இது: "பச்சை தெரிகிறதா? எதையும் பிரிக்காதீர்கள். பச்சை இருக்கும்வரை கவலை இல்லை." இதை நம்பி அந்தப் பிள்ளை கடலில் விழுந்தால் யார் பொறுப்பு? சிலிண்டரைத் துளைத்துப் பைக்குள் வாயுவை நிரப்பும் விசை இன்னும் அடிக்கவில்லை என்பதற்குத்தான் ஜாக்கெட்டில் அந்தப் பச்சை அடையாளம். சிலிண்டருக்குள் வாயு முழுதாக இருக்கிறதா என்பது அதற்குத் தெரியாது. கழற்றித் தராசில் வைத்தால்தான் தெரியும். 28 ஆண்டுகள் கப்பலில் வேலை பார்த்தவன் சொல்கிறேன்.

தூண்டில் துரை:
கப்பலில் இருந்தவருக்குக் கப்பல் தெரியும். என் ஜாக்கெட்டை எனக்குத் தெரியும். அதில் சிலிண்டர் தளர்ந்தால் சிவப்பு. துளைபட்ட பழைய சிலிண்டரைப் பொருத்தினாலும் சிவப்பு. எல்லாம் சரியாக இருந்தால் மட்டுமே பச்சை. பிரித்துப் பார்க்கிறேன் என்று உட்காருகிறவர்கள்தான் மரையைக் கெடுத்து, பாதி திருகியதோடு விட்டுவிடுகிறார்கள். ஆறு வருடமாக ஞாயிறுதோறும் நீலாங்கரையிலிருந்து போகிறேன். ஒரு முறைகூடக் கழற்றியதில்லை.

நங்கூரம்:
ஆறு வருடம் கழற்றவில்லை என்பதைப் பெருமையாகச் சொல்கிறீர்கள். எனக்கு வயிறு கலங்குகிறது.

என் மைத்துனருடைய ஜாக்கெட்டைப் போன மாதம் வாங்கிப் பார்த்தேன். மேலுறையின் ஒட்டுப்பட்டையைப் பிரித்ததும் உப்பு பொடிப்பொடியாக மடியில் கொட்டியது. சிலிண்டரின் அடியில் துரு. அந்தத் துரு மஞ்சள் காற்றுப்பைமேல் அரை வட்டமாகப் பதிந்து, அந்த இடத்தில் துணி சொரசொரவென்று தேய்ந்திருந்தது. கையால் திருகிப் பார்த்தேன், முக்கால் சுற்று உள்ளே போனது. எஞ்சின் அதிர்விலேயே அவ்வளவு தளர்ந்திருக்கிறது. தராசில் வைத்தேன். மேலே பொறித்திருந்த எடை 146 கிராம். தராசு காட்டியது 139. இத்தனைக்கும் வெளியே பச்சைதான் தெரிந்தது, தம்பி.

தூண்டில் துரை:
முதலில் என்னைத் தம்பி என்று கூப்பிடாதீர்கள். எனக்கு 51 வயது.

அடுத்தது, 146 கிராம் எங்கிருந்து வந்தது? 150 நியூட்டன் மிதப்புத் திறன் உள்ள ஜாக்கெட்டுக்கு 33 கிராம் சிலிண்டர். பெட்டியிலேயே 33 என்றுதான் அச்சிட்டிருக்கிறான். நீங்கள் எதை எடை போட்டீர்கள்?

நங்கூரம்:
இதற்காகத்தான் பிரித்துப் பார்க்கச் சொல்கிறேன். 33 கிராம் என்பது உள்ளே இருக்கும் கார்பன் டை ஆக்சைடின் எடை மட்டும். இரும்புக் கூட்டையும் சேர்த்த மொத்த எடையைச் சிலிண்டரின் உடம்பில் தனியாகப் பொறித்திருப்பார்கள். தராசில் அதற்குக் கீழே போனால் சிலிண்டரை மாற்ற வேண்டும். இந்த வேறுபாடே தெரியாதவர் ஊருக்கு யோசனை சொல்கிறார்.

காசிமேடு மைந்தன்:
இரண்டு பேரும் வீட்டு மாடியில் உட்கார்ந்து தராசு பிடிக்கிறீர்கள். எங்கள் ஃபைபர் படகில் வந்து பாருங்கள். ஒரு பக்கம் தூண்டில் முள், ஒரு பக்கம் கெளுத்தி முள், வலை இழுக்கும்போது கயிறு தோளை அறுக்கும். காற்றுப்பை ஒரு வாரம் தாங்குமா? நுரை ஜாக்கெட்டில் ஓட்டை விழுந்தாலும் மிதக்கும். எங்கள் அப்பா எதுவும் போடாமலே நாற்பது வருடம் கடலுக்குப் போய் வந்தார்.

முட்டுக்காடு துடுப்பு:
ஒரு சந்தேகம். நான் கயாக் ஓட்டுகிறேன். மகளுக்கு 9 வயது, அவளும் கூட வருவாள். எங்கள் இருவருக்கும் காற்றடைக்கும் வகை சரியா, நுரையா? தானியங்கி வகை தண்ணீர் தெறித்தாலே விரிந்துவிடும் என்கிறார்களே?

தூண்டில் துரை:
மைந்தன் சொல்வதில் பாதி சரி. ஆனால் நுரை ஜாக்கெட்டை மே மாத வெயிலில் யார் போட்டுக்கொண்டு உட்காருவார்கள்? படகில் அத்தனையும் முன்பக்கத்தில் சுருட்டிக் கிடக்கும். கழுத்தில் மாட்டினால் கனமே தெரியாத ஜாக்கெட்டைத்தான் மனிதன் கடைசிவரை போட்டிருப்பான். நங்கூரம் அவர்களின் மைத்துனர் கழுவாமல் வைத்ததற்குப் பச்சை என்ன செய்யும்? கழுவாதது குற்றம். பச்சை பொய் சொல்லவில்லை.

நங்கூரம்:
7 கிராம் வாயு போன பிறகும் பச்சை காட்டியது. அதற்குப் பெயர் பொய் இல்லையா?

அடையாறு முகத்துவாரம்:
இரண்டு பேரும் எந்த வகை விசை என்று சொல்லவே இல்லையே. சிலவற்றில் பச்சை என்பது இழுகயிற்றின் நெம்புகோலில் மாட்டியிருக்கும் சின்ன பிளாஸ்டிக் கிளிப் மட்டும். சிலவற்றில் சிலிண்டர் சரியாகப் பொருந்தியிருப்பதையும் சேர்த்துக் காட்டும். ஹம்மார் வகையில் நீரழுத்தம் பட்டால்தான் விசை திறக்கும். சுமார் 10 சென்டிமீட்டர் ஆழம் போக வேண்டும், மழைக்கும் தெறிப்புக்கும் விரியாது. அதற்கு ஐந்து வருடக் கெடு. தண்ணீர் பட்டு உள்ளே ஒரு மாத்திரை கரைந்ததும் விசை அடிக்கும் வகையில், மாத்திரைக்குத் தனிக் காலாவதித் தேதி உண்டு. முதலில் வகையைச் சொல்லுங்கள், பிறகு பச்சையைப் பேசலாம்.

நங்கூரம்:
எந்த வகையாக இருந்தாலும் எடை எடைதான்.

தூண்டில் துரை:
எந்த வகையாக இருந்தாலும் பச்சை பச்சைதான்.

காசிமேடு மைந்தன்:
எங்கள் அப்பாவைப் பற்றிச் சொன்னேன், ஒருவரும் பதில் சொல்லவில்லை. கடலைப் பற்றி எங்களுக்குப் பாடம் எடுக்க வேண்டாம்.

நங்கூரம்:
உங்கள் அப்பா திரும்பி வந்தார், மகிழ்ச்சி. திரும்பாதவர்களின் பிள்ளைகளும் உங்கள் குப்பத்திலேயே இருப்பார்கள், அவர்களைக் கேளுங்கள். 2009-இல் தேக்கடியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்தது. 2011 கிறிஸ்துமஸ் அன்று நம் பக்கத்துப் பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நீச்சல் தெரிந்தவனும் தலையில் அடிபட்டு மயங்கினால் முகம் தண்ணீருக்குள் போய்விடும். 150 நியூட்டன் ஜாக்கெட் அவனை மல்லாக்கத் திருப்பிப் போடும். அதற்குக் காற்றுப்பை நிரம்ப வேண்டும், நிரம்புவதற்கு வாயு வேண்டும். வாயு இருக்கிறதா என்று தராசுதான் சொல்லும்.

விசைப்படகுக்காரர்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். படகு கரையில் நிற்கிறது. அந்த நாட்களில் எல்லா ஜாக்கெட்டையும் பிரியுங்கள். வாயால் ஊதி ஒரு நாள் முழுக்க வையுங்கள், காலையில் தொய்ந்திருந்தால் பையில் கசிவு. மாத்திரையைக் கழற்றிவிட்டு நல்ல தண்ணீரில் அலசுங்கள். நிழலில் காயவையுங்கள். வாயால் ஊதிய பையில் சிலிண்டரையும் அடிக்கவிடாதீர்கள், பை கிழிந்துவிடும்.

காசிமேடு மைந்தன்:
நான் ஃபைபர் படகு என்று தமிழில்தான் எழுதினேன். தடைக்காலம் விசைப்படகுக்குத்தான், எங்களுக்கு இல்லை. எங்களுக்கு ஏது 61 நாள் ஓய்வு? இதுகூடத் தெரியாமல் 28 வருடம்.

நங்கூரம்:
விசைப்படகுக்காரர்கள் என்று சொல்லித்தான் தொடங்கினேன். முதலில் முழுதாகப் படியுங்கள்.

தூண்டில் துரை:
மைந்தன் சொன்னதில் தப்பு என்ன? கேள்வி எதுவாக இருந்தாலும் இவர் தராசைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார். சென்னையில் மாற்றுச் சிலிண்டருக்கு நான் மூன்று கடை ஏறி இறங்கினேன். ஒரு கடையில் என் விசைக்குப் பொருந்தாத மரை உள்ளதைக் கொடுத்து, இதுதான் அது என்று சாதித்தார்கள். இந்த நிலைமையில் நல்லதாக இருப்பதைக் கழற்றச் சொல்வது பொறுப்பான பேச்சா?

அடையாறு முகத்துவாரம்:
அதற்குத்தான் ஜாக்கெட் வாங்கும்போதே அதற்கான மாற்றுச் சிலிண்டரும் மாத்திரையும் சேர்த்து வாங்க வேண்டும். அவை கிடைக்காத ஜாக்கெட்டை, விலை குறைவு என்று வாங்கவே கூடாது. தொடையிடுக்கு வாரும் முக்கியம். அது இல்லாவிட்டால் ஜாக்கெட் மேலே போகும், ஆள் கீழே போவான். இதைப் பற்றி இதுவரை ஒருவரும் பேசவில்லை.

நங்கூரம்:
வாரைப் பிறகு பேசலாம். துரை, உங்கள் சிலிண்டரில் என்ன எடை பொறித்திருக்கிறது? இது நான்காவது முறை கேட்கிறேன்.

தூண்டில் துரை:
இப்போதுதான் முதல் முறை கேட்கிறீர்கள். நானும் ஒன்று கேட்கிறேன். எண்ணூர் போய்வந்தபோது டீசல் பங்கு 900 ரூபாய் தர வேண்டியிருந்ததே, அதற்கு என்ன பதில்? அன்றைக்கு என் படகில் என் ஜாக்கெட்டைத்தான் போட்டுக்கொண்டு வந்தீர்கள். அப்போது பச்சையைப் பார்த்துவிட்டு "சரியாக இருக்கிறது" என்று சொன்னவர் யார்?

நங்கூரம்:
மீன் பங்கில் அந்த 900 கழிந்துவிட்டது. நான்கு சங்கரா உங்கள் வீட்டுக்குத்தான் போனது. அன்றைக்குப் படகில் தராசு இல்லை, அதனால் கையால் இறுக்கிப் பார்த்தேன். பச்சையை மட்டும் பார்த்தேன் என்று நான் எங்கே சொன்னேன்?

காசிமேடு மைந்தன்:
நான்கு சங்கரா 900 ரூபாயா? எந்தச் சந்தையில்?

முட்டுக்காடு துடுப்பு:
என் கேள்வி மேலே கிடக்கிறது. மகளுக்கு எது வாங்குவது?

அடையாறு முகத்துவாரம்:
குழந்தைக்கும் நீந்தத் தெரியாதவர்களுக்கும் நுரைதான், அம்மா. தலை பிடிக்கும் கழுத்துப்பட்டை உள்ளதாக, அவள் எடைக்குப் பொருந்துவதாகப் பாருங்கள். போட்டுவிட்டுத் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்குங்கள். காது வரை ஏறினால் அளவு பெரியது. கயாக்கில் நீங்களும் நுரையே போடுங்கள். துடுப்புப் போடும்போது எப்போதும் நனைவீர்கள், மாத்திரை வகை நேரம் கெட்ட நேரத்தில் விரிந்துவிடும்.

நங்கூரம்:
நுரையையும் வருடம் ஒருமுறை தண்ணீரில் போட்டுச் சோதிக்க வேண்டும். அது இருக்கட்டும். துரை, பேச்சை மாற்றாதீர்கள். ஒரே ஒரு எண்தான் கேட்கிறேன். கழற்றுங்கள், துடையுங்கள், படித்துச் சொல்லுங்கள்.

தூண்டில் துரை:
கழற்ற மாட்டேன். ஞாயிறு காலை நாலரைக்குக் கிளம்புகிறேன். 900 ரூபாயோடு வந்தால் நீங்களே கழற்றிப் பாருங்கள்.