சாக்கெட்டில் (நெட்வொர்க் இணைப்பில்) 5 நொடி டைம்அவுட் கொடுத்தும் புரோகிராம் தொங்குகிறது, எங்கே தப்பு?

எடைமேடை: அரிசி ஆலையில் லாரி எடையைக் கம்ப்யூட்டருக்கு எடுக்கும் வேலை. எடையைக் காட்டும் இண்டிகேட்டரிலிருந்து சீரியல் வயர், அது ஒரு ஈதர்நெட் கன்வர்ட்டருக்குள் போகிறது, இந்தப் பக்கம் என் பைத்தான் புரோகிராம். கனெக்ட் ஆனதும் செட்டைம்அவுட்டில் 5 கொடுத்துவிட்டு, வரி முடியும்வரை டேட்டாவை வாங்கும் ரெசிவை லூப்பில் விட்டிருக்கிறேன். நேற்று கரண்ட் போய் வந்ததிலிருந்து 20 நிமிடம் அப்படியே நின்றுவிட்டது. எரரும் இல்லை. வெளியே லாரி வரிசை, உள்ளே மேனேஜர். 5 நொடியில் கழன்றிருக்க வேண்டாமா?

பழையவயர்: அந்த 5 நொடி ஒவ்வொரு ரெசிவுக்கும் தனித்தனி. 4 நொடிக்கு ஒரு பைட் சொட்டினால்கூட அடுத்த ரெசிவ் மறுபடி முழு 5 நொடியோடு தொடங்கும். இண்டிகேட்டரை ஆஃப் செய்து ஆன் செய்யுங்கள், லூப்புக்குள் என்ன வருகிறது என்று எண்ணாகப் பிரிண்ட் செய்து பாருங்கள்.

எடைமேடை: குப்பை கொட்டுகிறது. 0, 120, 128, 248 என்றே திரும்பத் திரும்ப. வரி முடிவுக்கான 10 வரவே இல்லை. கீப்அலைவ் போட்டால் தீருமா?

பழையவயர்: தீராது. எதிர்முனை செத்துவிட்டதா என்று பார்ப்பதற்குத்தான் கீப்அலைவ், லினக்ஸில் மாற்றாமல் விட்டால் முதல் சோதனைக்கே 7200 நொடி ஆகும். உங்கள் கன்வர்ட்டரோ உயிரோடு உளறிக்கொண்டிருக்கிறது! பாட் ரேட்டை, அதாவது சீரியல் வயரின் வேகத்தைப் பாருங்கள், ஒருபக்கம் 2400, மறுபக்கம் 9600 என்று இருக்கும். அது எப்படியிருந்தாலும் கோடில் ஒரு வரிக்கு ஒரே கெடு வேண்டும். தொடங்கும்போது டைம் மாட்யூலின் மோனோடானிக்கோடு (பின்னால் போகாத கடிகாரம்) 5 கூட்டி வையுங்கள், ஒவ்வொரு ரெசிவுக்கு முன்னும் மிச்சத்தை மட்டும் செட்டைம்அவுட்டில் கொடுங்கள். மிச்சம் தீர்ந்தால் நீங்களே எரர் எழுப்புங்கள், 0 கொடுத்தால் அது காத்திருக்காத சாக்கெட்டாக மாறிவிடும், நான் அதில் ஒருநாள் முழுக்க விழுந்து கிடந்திருக்கிறேன். வெற்று பைட் வந்தால் அது டைம்அவுட் இல்லை, எதிர்முனை மூடிவிட்டது.

கடைசிபெஞ்ச்: பில் சர்வருக்கு எழுதும் பக்கத்தையும் பார்த்துவிடுங்கள். எல்லாப் பைட்டையும் அனுப்பும் சென்டால் முடிந்தது என்றால் கர்னல் (ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் மையம்) வாங்கி வைத்துக்கொண்டது, அவ்வளவுதான், சர்வருக்குப் போய்ச் சேர்ந்ததாக அர்த்தமில்லை. பைத்தான் 3.5 முதல் சென்டாலுக்கு டைம்அவுட் மொத்த நேரத்துக்கும் சேர்த்துத்தான், ஆனால் நடுவில் அறுந்தால் எத்தனை பைட் போனது என்று தெரியாது. அதே சாக்கெட்டில் மறுபடி அனுப்பினால் பாதி எடையின் வாலில் முழு எடை ஒட்டிக்கொள்ளும். மூடிவிட்டுப் புதிதாக கனெக்ட் செய்யுங்கள், ஒவ்வொரு எடைக்கும் ஒரு சீட்டு எண்ணையும் சேர்த்து அனுப்புங்கள், இரண்டு முறை வந்தால் சர்வர் ஒன்றைத் தள்ளிவிடட்டும்.

எடைமேடை: இண்டிகேட்டர் 2400இல்தான் இருந்தது, பொருத்தும்போது 9600 என்று மாற்றியவர் சேவ் செய்யாமல் போயிருக்கிறார். கெடு வைத்ததும் 5 நொடியில் சிவப்பு எழுத்து வந்துவிட்டது. சரி, அந்தச் சீட்டு எண்ணை இந்தப் பக்கமே போட்டுவிடலாமா, சர்வரிடம் கேட்டு வாங்க வேண்டுமா?

கடைசிபெஞ்ச்: இந்தப் பக்கமே. அனுப்பும் முன் டிஸ்க்கில் எழுதிவிடுங்கள், கரண்ட் மறுபடி போகும்.