பிளஸ் டூ முதல் பாடத்தில் இருப்பது பைதானா?

சாக்பீஸ்: கற்பித்தல் பயிற்சிக்கு வந்த பி.எட். தம்பி ஒருவர், பிளஸ் டூ கணினி அறிவியல் முதல் பாடத்தில் வரும், பங்ஷனை வரையறுக்கும் ‘லெட் ரெக்’ (let rec) வரியைக் கரும்பலகையில் எழுதி, இதுதான் பைதான் மொழி என்கிறார். பைதானில் லெட்டே கிடையாது! இவர்கள்தான் நாளைக்கு பங்ஷனல், புரொசீஜரல், ஓஓபி (ஆப்ஜெக்ட் ஓரியண்டட்) என்று பாரடைம் பிரித்துச் சொல்லப்போகிறார்களாம்.

இரண்டாம் ஆண்டு பி.எட்.: அந்தத் தம்பி நான் இல்லை. ஆனாலும் பதினொன்றில் சி++, பன்னிரண்டில் பைதான் என்றுதான் எங்களுக்குச் சொன்னார்கள். அந்த வரி அல்காரிதம் எழுதும் குறிமுறை சார், எந்த மொழியும் இல்லை.

சாக்பீஸ்: ஓகேமல் (OCaml) தம்பி அது, ஓகேமல் என்கிற புரோகிராம் மொழி. அதே பாடத்தில், கொடுக்கும் மதிப்பு (ஆர்குமென்ட்) ஒன்றாக இருந்தால் விடையும் எப்போதும் ஒன்றாகவே வரும் பியூர் பங்ஷன், அப்படி இல்லாத இம்பியூர் பங்ஷன் வருகிறதே, எதற்காம்? ஏதாவதொரு எண்ணைத் தரும் ரேண்டம் பங்ஷன் ஏன் இம்பியூர் என்று அந்தப் பயிற்சித் தம்பியைக் கேட்டேன், “அதற்கு ஆர்குமென்ட் இல்லை சார்” என்றார். கூப்பிடும் ஒவ்வொரு தடவையும் வேறு விடை வருவது கண்ணில் படவில்லை.

டீபக்கர்: புத்தகத்தில் அந்த ‘லெட் ரெக்’ வரியில் := போட்டிருக்கிறார்கள். ஓகேமலில் அந்த இடத்தில் வெறும் = தான். நிரலைப் படிக்கும் கம்பைலர் பிழை என்று துப்பிவிடும்.

சாக்பீஸ்: இரண்டு புள்ளியைப் பிடித்துக்கொண்டு தொங்காதீர்கள். ‘லெட் ரெக்’ என்று எழுதும் மொழி வேறு எது, சொல்லுங்கள்.

டீபக்கர்: எஃப் ஷார்ப் (F#).

சாக்பீஸ்: ஐடி சம்பளம் வாங்கினால் இப்படித்தான் பேச வரும். நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் ஒரு பீரியட் நின்று பாருங்கள்.

மழைக்காலம்: முதலில் பாரடைம் என்றால் என்ன என்று யாராவது சொல்லிவிட்டுச் சண்டை போடலாமே?

டீபக்கர்: பாரடைம் என்றால் நிரல் எழுதும் பாணி. சாக்பீஸ், பிள்ளைகள் முன்னால் நிற்பது ஆசிரியர் வேலை. 2019 டி.ஆர்.பி. (ஆசிரியர் தேர்வு வாரியம்) தேர்வில் உங்கள் பதவிக்குப் பெயரே கணினி பயிற்றுநர்தானே?

சாக்பீஸ்: பயிற்றுநர் என்று பெயர் வைத்தது நானா? பி.எட். முடித்துவிட்டு வருடக்கணக்கில் காத்துக்கிடந்தோமே, அது தெரியுமா உங்களுக்கு? சரி, அதை விடுங்கள். பைதானில் லெட் உண்டா இல்லையா?

இரண்டாம் ஆண்டு பி.எட்.: இல்லை சார். அப்புறம், ஓகேமலில் அந்த இடத்தில் := கூட வராது.

சாக்பீஸ்: நீங்களும் ஆரம்பித்துவிட்டீர்களா? புத்தகத்தைத் திறந்து முதல் பாடத்தைப் பாருங்கள் தம்பி. லெட். ரெக்.

டீபக்கர்: கோலன். ஈக்வல்.