வெளிநாட்டு வரியால் வேலை போனால் அரசு தனியாக உதவ வேணுமா?

வாவிக்கரை:
2025 ஏப்ரலில் அமெரிக்கா நம்மட இலங்கைப் பொருளுக்கு 44 வீத வரி எண்டு அறிவிச்சது. பேச்சுவார்த்தைக்குப் பிறகு ஓகஸ்டில் 20 வீதத்தில் வந்து நிண்டது. ஆடை ஏற்றுமதியில் ஏறத்தாழ 40 வீதம் அங்கதான் போகுது. இதுக்கு முதல் 2010இல் ஐரோப்பா ஜி.எஸ்.பி. பிளஸ் எண்ட வரிச்சலுகையை நிப்பாட்டி, 2017இல்தான் திருப்பித் தந்தது. எங்கயோ எடுக்கிற முடிவுக்கு ஏறாவூரில் தைக்கிற பிள்ளைதான் வீட்டுக்குப் போக வேண்டி வரும். அமெரிக்காவிலேயே இப்படி வேலை இழந்தவர்களுக்கு 1962இல் தனித் திட்டம் தொடங்கினாங்க. பயிற்சிச் செலவு, அதோட வாராந்தக் கொடுப்பனவு. நம்மிடம் வேலையில்லாக் காப்புறுதி கூட இல்ல. தனி நிதியம் ஒண்டு வேணும் எண்டுறன்.

சட்டக்கொப்பி:
நிதியம் கேட்குமுன் கையிலுள்ள சட்டத்தைப் பாருங்கள். 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்க வேலை முடிவுறுத்தல் சட்டப்படி, 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் ஒழுக்காற்றுக் காரணமில்லாமல் ஆளை நிறுத்த, ஒன்றில் அவருடைய எழுத்துமூலச் சம்மதம் வேண்டும், அல்லது தொழில் ஆணையாளர் நாயகத்தின் முன் அனுமதி வேண்டும். நட்டஈட்டுக் கணக்கு வர்த்தமானியில் உண்டு. முதல் 5 வருடத்துக்கு வருடமொன்றுக்கு இரண்டரை மாதச் சம்பளம், 6 முதல் 14ஆவது வருடம் வரை இரண்டு மாதம், பிறகு படிப்படியாகக் குறையும். 7 வருட சேவை, சம்பளம் 40,000 ரூபா என்றால் 12.5உம் 4உம் சேர்ந்து 16.5 மாதம், அதாவது 660,000 ரூபா. பணிக்கொடை வேறு: 5 வருடம் முடித்தவருக்கு வருடத்துக்கு அரை மாதம். அதே ஆளுக்கு இன்னொரு 140,000. 30 நாளுக்குள் கட்டாவிட்டால் மேலதிகக் கட்டணம்.

வாவிக்கரை:
கணக்கு சரி அண்ணன். ஆரு குடுக்கிற? அது முழுக்க முதலாளியின்ட காசு. ஓடர் போய் மூடின இடத்தில் மெஷின் எல்லாம் வங்கிக்கு ஈடு வச்சுக் கிடக்கும். கையில தீர்ப்பு இருந்தாலும் வாங்க ஆளில்லாமப் போயிரும். நீங்க சொன்ன "எழுத்துமூலச் சம்மதம்" இருக்கே, ஓட்டை அதுலதான். காசோலையும் "நானாக விலகுகிறேன்" எண்ட கடிதமும் ஒரே மேசையில வரும். கையெழுத்து வச்ச உடன அது வேலைநீக்கம் இல்ல, விலகல். 660,000க்கு உரித்தான ஆள் இரண்டு மூண்டு மாதச் சம்பளத்தோட வாசலுக்கு வெளியில நிப்பா.

சட்டக்கொப்பி:
அதை ஏற்கிறேன். அதனால்தான் சொல்வது: அந்தக் கடிதத்தில் அன்றைக்கே கையெழுத்து வைக்கக் கூடாது. வீட்டுக்குக் கொண்டு போய் வாசிக்கக் கேட்க வேண்டும், சம்பளச் சீட்டையும் நியமனக் கடிதத்தையும் படம் எடுத்து வைக்க வேண்டும். வற்புறுத்தி வாங்கிய கையெழுத்து என்றால் தொழில் நியாயசபைக்குப் போகலாம், ஆனால் வேலை நின்ற நாளிலிருந்து 6 மாதத்துக்குள். அந்தத் தவணை தப்பினால் கதவு மூடிவிடும்.

தறிக்காரன்:
வாவிக்கரை தம்பி, நீங்க கேக்கிற நிதியத்தில் எனக்குப் பிடிக்காத ஒண்டு "வெளிநாட்டு வர்த்தகத்தால்" எண்ட நிபந்தனை. வாழைச்சேனைக் கடதாசி ஆலையைப் பாருங்க. வைக்கோலை மூலப்பொருளா வச்சு ஓடினது. 1977க்குப் பிறகு இறக்குமதிக் கடதாசி வந்தது, யுத்தம் வந்தது, மெஷினும் பழசாப் போச்சு. அதில் வேலை இழந்தவனுக்கு எந்தக் காரணம் எண்டு ஆரு எழுதிக் குடுக்கிற? மருதமுனையில இன்னும் மோசம். இறக்குமதித் துணி திறந்துவிட்ட உடன தறி நிண்டது, ஆனா வீட்டில நெய்யிறவனுக்கு நியமனக் கடிதமும் இல்ல, சேமலாப நிதியும் இல்ல. உங்கட நிதியம் அவன் வாசலுக்கே வராது.

வாவிக்கரை:
காக்கா, அமெரிக்காவில ஒவ்வொரு ஆளும் நிரூபிக்கத் தேவையில்ல. மூண்டு தொழிலாளிகள் சேர்ந்து மனுப் போட்டாலே காணும். தொழிற் திணைக்களம் ஒருக்கா ஏற்றுக்கொண்டா அந்தப் பிரிவில் வேலை போன எல்லாருக்கும் பொருந்தும். இறக்குமதிதான் ஒரே காரணமா இருக்கவும் வேண்டியதில்ல, முக்கிய பங்கு எண்டாப் போதும். இங்க இன்னும் லேசு. எந்த நாட்டுக்கு எவ்வளவு அனுப்பினது எண்டு சுங்கத்தில் பதிவு இருக்கு.

தறிக்காரன்:
அந்தத் திட்டத்துக்கு 2022 ஜூலையோட புது மனு ஏற்கிறதை நிப்பாட்டிட்டாங்க, காங்கிரஸ் புதுப்பிக்கல்ல. ஒரு கூட்டத்துக்கு மட்டும் எண்டு வைக்கிற திட்டத்துக்கு, அது நிக்கிற நேரம் குரல் குடுக்கிறவங்களும் அந்தக் கூட்டம் மட்டும்தான். எல்லாத் தொழிலாளிக்கும் பொதுவா இருந்தா அவ்வளவு லேசாக் கை வைக்க ஏலா.

பட்டறைப்பக்கம்:
காசை விட்டுப் பயிற்சிக்கு வாங்க. எட்டு வருஷம் இலாஸ்டிக் மட்டும் பிடிச்ச பிள்ளைக்கு ஒரு பிளவுஸ் வெட்டத் தெரியாது. லைனில் ஒரு வேலையைத்தான் பழக்குவாங்க. அளவெடுக்கிறதும் வெட்டுறதும் வேற பகுதி. இதைத் தெரியாமத்தான் ஒரு தையல் மெஷினைக் குடுத்துப் படம் எடுக்கிறாங்க. ஓவர்லொக் இல்லாம ஓரம் பிரியும், கடைக்காரன் திருப்பி அனுப்புவான். குடுக்கிறதெண்டா சாதாரண மெஷின் ஒண்டும் ஓவர்லொக் ஒண்டும், அதோட வெட்டுப் பயிற்சி. அனுபவத்தை மதிப்பிட்டுச் சான்றிதழ் தாற முறை நம்மட தேசிய தொழிற்தகைமையில இருக்கு. முதல்ல அதை எடுத்துக் குடுங்க. வேற தொழிற்சாலைக்குப் போறதுக்கு அந்தத் தாள் உதவும்.

சட்டக்கொப்பி:
பயிற்சிக் காலத்தில் சாப்பாட்டுக்கு என்ன வழி? சேமலாப நிதி பொதுவாகப் பெண்ணுக்கு 50, ஆணுக்கு 55 வயது வரை பூட்டு. இடையில் 30 வீதம் எடுக்க 10 வருடப் பங்களிப்பும் 300,000 ரூபா மீதியும் வேண்டும். 25 வயதுப் பிள்ளைக்கு அது எட்டாது. நம்பிக்கைப் பொறுப்பு நிதியை வேலை விட்டால் எடுக்கலாம், 5 வருடத்துக்கு ஒரு தடவை. ஆனால் அது முதலாளி மாதம் 3 வீதம் போட்டு வந்த அவளுடைய சொந்தப் பணம். அதை எடுத்துச் சாப்பிடச் சொல்வது உதவி ஆகாது. இந்த இடத்தில் வாவிக்கரையோடு நிற்கிறேன், அரசின் காசு வேண்டும்.

வாவிக்கரை:
அப்ப காக்கா சொன்னதையும் எடுக்கிறன். முதல் மூண்டு மாதக் கொடுப்பனவுக்குக் காரணம் கேக்க வேணாம், மூடின திகதி போதும். பயிற்சிக்கும் மெஷினுக்கும் மட்டும் சுங்கப் பதிவைப் பார்க்கட்டும். மான்பவரில், அதாவது ஆள் அனுப்புற ஏஜென்சி மூலமா வாறவங்களை என்ன செய்யிற? 12 மாதத்தில் 180 நாள் இல்லாட்டி 1971 சட்டமே அவங்களைப் பார்க்காது. அவங்கட பெயர் தொழிற்சாலைப் பதிவிலயும் இல்ல.

தறிக்காரன்:
கிராம சேவகர் பதிவில இருக்கு. அங்கிருந்து தொடங்கினா என்ர தறிக்காரனும் உள்ளுக்கு வருவான்.