திண்டுக்கல் தண்ணீர்: ஆத்தூர் குழாயும் போர் உப்பும்

மாற்றலில் வருகிறவர்:
அடுத்த மாதம் கோவையிலிருந்து திண்டுக்கல்லுக்குக் குடிவருகிறோம். பார்த்து வைத்த வீட்டில் ஷவர், குழாய், பாத்ரூம் டைல்ஸ் எல்லாம் வெள்ளை பூத்திருந்தது. கேட்டதற்கு, "நல்ல தண்ணி தனியா வரும் சார்" என்று வீட்டுக்காரர் முடித்துக்கொண்டார். சிறுவாணி குடித்துப் பழகிய குடும்பம். அங்கே இருப்பவர்கள் அனுபவத்தைச் சொன்னால் நல்லது.

நாகல்நகர்:
வாங்க சார். வீட்டுக்காரர் பொய் சொல்லவில்லை, பாதியைச் சொல்லியிருக்கிறார். இங்கே பெரும்பாலான வீடுகளில் இரண்டு தண்ணீர் உண்டு. மாநகராட்சிக் குழாயில் வருவது நல்ல தண்ணீர். ஆத்தூர் காமராசர் அணை, வைகைப் பேரணை, காவிரிக் கூட்டுக் குடிநீர் என்று ஊருக்கு வரும் வழிகள் மூன்று. ஆனால் தினமும் வராது, பிடித்து வைக்க வேண்டும். மற்ற எல்லாவற்றுக்கும் போர், அதாவது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். நம் ஊருக்கு அடியில் இருப்பது பாறை. அதன் வெடிப்புகளில் தேங்கி நிற்கும் தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் ஏறிவிடுகிறது. நீங்கள் பார்த்த வெள்ளைப் பூச்சு அதுதான்.

ஆத்தூர் தண்ணீரில் துவரம்பருப்பு பூவாக வேகும். போர் தண்ணீரில் எத்தனை விசில் விட்டாலும் முழித்துக்கொண்டு நிற்கும். டீ போட்டால் மேலே ஆடை மாதிரி ஒன்று மிதக்கும், அது பாலாடை இல்லை. ஊர் பிரியாணியின் ருசிக்கே தண்ணீர்தான் காரணம் என்று பெருமை பேசுவார்கள். அதை நான் முழுக்க நம்புவதில்லை, ஆனால் போர் தண்ணீரில் அந்த ருசி வராது என்பதை நம்புகிறேன்.

அப்புறம் ஒரு எச்சரிக்கை. குடிவந்த கையோடு ஆர்.ஓ. (தண்ணீரிலிருந்து உப்பைப் பிரிக்கும் சுத்திகரிப்புக் கருவி) விற்கிறவர்கள் கதவைத் தட்டுவார்கள். எங்கள் வீட்டுக்கு வந்தவர் இரண்டு கண்ணாடி டம்ளர் கேட்டார். ஒன்றில் எங்கள் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் அவர் கொண்டுவந்த ஆர்.ஓ. தண்ணீர். கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்த ஒரு கருவியை இரண்டிலும் இறக்கி கரண்ட் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் எங்கள் டம்ளர் சாக்கடை நிறத்துக்கு வந்துவிட்டது. அவருடையது தெளிவாகவே இருந்தது. "இதைத்தாம்மா இத்தனை நாளா குடிச்சிருக்கீங்க" என்றார். அம்மாவுக்கு முகமே மாறிவிட்டது. நான் அடுக்களையிலிருந்து ஒரு சிட்டிகை உப்பு எடுத்துவந்து அவருடைய டம்ளரில் போட்டுக் கலக்கி, மறுபடி வைக்கச் சொன்னேன். அதுவும் பழுப்பாகிவிட்டது. மனிதர் டீகூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார்.

வேதியியல் ஆசிரியை:
நாகல்நகர் அண்ணன் செய்தது அருமையான பரிசோதனை. பழுப்பாக வந்தது தண்ணீரில் இருந்த அழுக்கு இல்லை, அந்த இரும்புக் கம்பி கரைந்து வந்த துரு. உப்புகள் இருந்தால் மின்சாரம் பாயும், கம்பி கரையும். ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு மிகக் குறைவு, அதனால் பாய்வதில்லை. அவ்வளவுதான் வித்தை.

இதே ஆட்கள் பேனா மாதிரி டி.டி.எஸ். மீட்டர் ஒன்றும் வைத்திருப்பார்கள். அது கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவைத் தோராயமாகக் காட்டும். அதில் கடினத்தன்மைக்குக் காரணமான கால்சிய, மெக்னீசிய உப்பு எவ்வளவு, சாதாரண உப்பு எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. எங்கள் தெருவில் ஒருவர் கடினத்தன்மையைக் குறைக்க வீட்டுக்கே சாஃப்ட்னர் கருவி போட்டுவிட்டு, மீட்டரில் எண் இறங்கவே இல்லை என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போனார். இறங்காது. சாஃப்ட்னர் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு அதற்குப் பதில் சோடியத்தை விடுகிறது. அதனால்தான் அவ்வப்போது அதற்கு உப்புக் கரைசல் ஊற்றிக் கழுவ வேண்டியிருக்கிறது. குளிக்க, துவைக்க அந்தத் தண்ணீர் சுகம். செடிக்கு ஊற்ற வேண்டாம். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் குடிக்கும் முன் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

உண்மை நிலவரம் தெரிய வேண்டுமானால் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டிப் பார்த்துக்கொள்ளலாம். இந்தியத் தரக் குறியீடு ஐ.எஸ். 10500 படி மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 600 வரை போகலாம். டி.டி.எஸ்.ஸுக்கு அது 500, 2000. 500க்குக் கீழே இருந்தால் ஆர்.ஓ. தேவையில்லை என்பதுதான் 2019இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயமும் எடுத்த நிலை. ஆத்தூர் தண்ணீரைப் பிடித்து ஆர்.ஓ.வில் ஊற்றுகிற வீடுகளைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. ஒரு குடம் நல்ல தண்ணீர் கிடைக்க அதைவிட அதிகமாகச் சாக்கடையில் விடுகிறார்கள்.

மாற்றலில் வருகிறவர்:
ரொம்ப நன்றி டீச்சர். காய்ச்சிக் குடித்தால் உப்பு போய்விடும் என்கிறார்களே? கிட்னியில் கல் வரும் என்றும் மனைவி பயப்படுகிறார்.

வேதியியல் ஆசிரியை:
பைகார்பனேட்டாக இருக்கும் பகுதி காய்ச்சினால் அடியில் படிந்துவிடும். சல்பேட்டும் குளோரைடும் அப்படியே நிற்கும். கல் விஷயத்தில், உலக சுகாதார நிறுவனம் கடினத்தன்மைக்கு உடல்நலம் சார்ந்த வரம்பு எதையும் வைக்கவில்லை. தண்ணீரே சரியாகக் குடிக்காமல் இருப்பதுதான் கல்லுக்கு வழி. ஏற்கெனவே கல் வந்தவர் வீட்டில் இருந்தால் டாக்டர் சொல்வதைக் கேளுங்கள்.

பேகம்பூர்:
எங்கள் பக்கத்தில் கடினத்தன்மை மட்டும் என்றால் சமாளித்துவிடுவோம். தோல் பதனிடும் தொழிலின் கழிவு நிலத்தடியில் இறங்கிய பகுதிகள் இந்த ஊரைச் சுற்றி இருக்கின்றன. கிணறு பாழாகி விவசாயத்தை விட்டவர்கள் எங்கள் சொந்தத்திலேயே உண்டு. அங்கே போர் தண்ணீரை வாயில் வைக்க முடியாது. ஆகவே வீடு எந்தப் பக்கம் என்பதைப் பார்த்துவிட்டு ஆய்வகத்துக்குக் கொடுங்கள். பக்கத்துத் தெருக்காரர் சொன்ன கணக்கு உங்களுக்கு உதவாது.

பிளம்பிங் வேலை பார்ப்பவர்:
டீச்சர் சொன்னதோடு என் தொழில் சங்கதியும் ஒன்று. இந்த ஊரில் ஹீட்டர் காயில் சுண்ணாம்பு கட்டித்தான் பெரும்பாலும் போகிறது. தண்ணீர் சூடாகும் இடத்தில்தான் உப்பு படியும். அதனால் ஹீட்டரைக் கொதிக்கிற அளவுக்கு ஏற்றி வைக்காதீர்கள், கை பொறுக்கும் சூடு போதும். ஷவர் அடைத்துக்கொண்டால் கழற்றி வினிகரில் ராத்திரி முழுக்கப் போட்டு வையுங்கள். ஆசிட் ஊற்றினால் முலாம் போய்விடும், அதற்கப்புறம் சுண்ணாம்பு படிகிற வேகமே தனி.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் மாடித் தொட்டி ஒன்றா இரண்டா என்று ஏறிப் பாருங்கள் சார். ஒரே தொட்டி என்றால் நல்ல தண்ணீரும் போரும் அதில் ஒன்றாகத்தான் விழும். அப்படி இருந்தால் சமையலறைக்குத் தனியாக ஒரு சின்ன தொட்டியும் லைனும் போட்டுத் தரச் சொல்லிக் கேளுங்கள். குடிவருவதற்கு முன்னால் கேட்டால் செய்து கொடுப்பார்கள்.