புதுப்பிப்பு: மாங்கன்று நர்சரி தளம் கூகுள் முதல் பக்கத்துக்கு வந்துவிட்டது

கிருஷ்ணகிரி மாவட்டம் சந்தூர் பக்கம் உள்ள எங்கள் நர்சரியின் தளம் கூகுளில் ஐந்தாம் பக்கத்தில் கிடக்கிறது என்று போன ஆடியில் இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பலித்தது, "விவசாயிகள் போனில் கேட்பதையே எழுதுங்கள்" என்ற யோசனைதான். முதலில், ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி ஒரே வாசகத்தைப் போட்டிருந்த 14 பக்கங்களை நீக்கினேன். அப்படிப்பட்ட பக்கங்களைக் கூகுள் ஸ்பேமாகவே பார்க்கிறது. அப்புறம் அப்பாவை உட்கார வைத்துக் கேட்டுக் கேட்டு ஆறு பக்கம் எழுதினேன்: குழி 3 அடி ஆழம் ஏன், பெங்களூரா ரக மாம்பழம் ஏன் கூழ் ஆலைக்குப் போகிறது, ஒட்டுக்குக் கீழே வரும் துளிரை ஏன் கிள்ள வேண்டும். படங்கள் எல்லாம் எங்கள் தோட்டத்தில் எடுத்தவை. ஒன்றில் அப்பாவின் கட்டைவிரல் நகத்து மண்கூடத் தெரியும்.

மூன்று மாதம் அசைவே இல்லை. நான்காம் மாதம் சர்ச் கன்சோலில் (தேடலில் தளம் எப்படித் தெரிகிறது என்று காட்டும் கூகுள் கருவி) கோடு ஏறத் தொடங்கியது. இப்போது "மாங்கன்று கிருஷ்ணகிரி" என்று தேடினால் முதல் பக்கம்.

எதிர்பாராதது: ரகப் பட்டியலை விட அந்தத் துளிர்ப் பக்கத்துக்குத்தான் ஆட்கள் அதிகம் வருகிறார்கள். செடி செழிக்கிறது என்று நினைத்துப் பலர் அந்தத் துளிரைக் கிள்ளாமல் விட்டுவிடுகிறார்கள். அது ஒட்டு ரகத்தையே அமுக்கிவிடும்.

தேடலில் மேலே வருவதற்காக மற்ற தளங்களில் நம் தளத்துக்கான லிங்க்கை விலைக்கு வாங்கும் யோசனையை மட்டும் நான் தொடவில்லை. அது கூகுள் விதிக்கே எதிரானது.