ஈசிஜி பனியன்: உட்கார்ந்தால் சரி, நடந்தால் கோடு தாறுமாறு. அவசரம், உதவுங்கள்

கடைசிவருடம்_ஈசிஈ
நாளை மறுநாள் ரிவ்யூ. இதயத் துடிப்பைக் காட்டும் பனியன்தான் எங்கள் ப்ராஜெக்ட். ஈசிஜி சிக்னலைப் பெருக்கித் தரும் ஏடி8232 போர்டு, தோலிலிருந்து சிக்னல் எடுக்க வெள்ளி பூசிய துணியில் மூன்று எலக்ட்ரோடு. கடையில் வாங்கிய ஜெல் பேட் ஒட்டினால் அலை அழகாக வருகிறது. பனியனைப் போட்டால் உட்கார்ந்திருக்கும்வரை ஏதோ வருகிறது, எழுந்து நாலு எட்டு வைத்தால் கோடு மேலே ஏறிக் கீழே விழுந்து துடிப்பு 180 என்கிறது, சில நேரம் 0. வயரிங் எல்லாம் பார்த்துவிட்டோம். போர்டு போய்விட்டதா? புதிது வாங்கி வர நேரமில்லை.

மின்மினி
எந்தக் கன்ட்ரோலர்? பேட்டரியா, லேப்டாப் யுஎஸ்பியா? எலக்ட்ரோடு உடம்பில் எங்கே? வினாடிக்கு எத்தனை சாம்பிள்? இதெல்லாம் தெரியாமல் போர்டு போனதா என்று எப்படிச் சொல்வது? ஜெல் பேடில் வருகிறது என்றால் போர்டு நன்றாகத்தான் இருக்கிறது.

சர்க்யூட்_சேகரம்
50 ஹெர்ட்ஸ், வீட்டுக் கரண்ட்டின் இரைச்சல். கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். லேப்டாப் சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பாருங்கள், சிக்னல் சுத்தமாகிவிடும். இன்னொரு விஷயம், சார்ஜர் செருகியிருக்கும்போது யார் உடம்பிலும் எலக்ட்ரோடு வைக்காதீர்கள். அடாப்டர் பழுதானால் கரண்ட் நேராக நெஞ்சுக்கு வரும். பேட்டரியில் மட்டும் ஓட்டுங்கள்.

பழைய_ஸ்கோப்
தம்பி, ஈசிஜி கருவியை உருவாக்கிய ஐந்தோவன் காலத்தில் நோயாளியின் இரண்டு கைகளையும் ஒரு காலையும் உப்புத் தண்ணீர்த் தொட்டியில் வைத்துத்தான் ஈசிஜி எடுத்தார்கள். அவருக்கு 1924இல் நோபல் பரிசும் கிடைத்தது. தோலுக்கும் எலக்ட்ரோடுக்கும் நடுவில் ஈரம் வேண்டும் என்பது நூறு வருடத்துப் பாடம். ஜெல் எதற்காக இருக்கிறது என்று யோசிக்காமலே துணியைத் தைத்துவிட்டீர்கள். அடிப்படையைப் படித்துவிட்டு இழை தொடங்கினால் எல்லாருக்கும் நேரம் மிச்சம். இருபது வருடமாக இதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கடைசிவருடம்_ஈசிஈ
தம்பி இல்லை அண்ணா, தங்கை. கன்ட்ரோலர் இஎஸ்பி32, வைஃபை வழியாகப் போனுக்கு அனுப்புகிறோம். பவர்பேங்கில்தான் ஓடுகிறது. டீமில் ஒரு பையன் போட்டுக்கொள்கிறான். காட்டன் பனியன், எம் சைஸ். எலக்ட்ரோடு இரண்டு தோள் எலும்புக்குக் கீழே, ஒன்று இடுப்பில்.

மின்மினி
அவுட்புட் எந்தப் பின்னில்? இஎஸ்பி32இல் சிக்னலை எண்ணாக மாற்றும் ஏடிசி இரண்டு உண்டு, வைஃபை ஓடும்போது ஏடிசி2 பின்கள் சரியாக வேலை செய்யாது. 32 முதல் 39 வரை உள்ள ஏடிசி1 பின்னுக்கு மாற்றுங்கள். அடுத்து, எலக்ட்ரோடு தோலை விட்டு விலகினால் போர்டில் எல்ஓ (லீட்ஸ் ஆஃப்) பின்கள் காட்டிக்கொடுக்கும். அவற்றில் வோல்டேஜ் உயர்ந்திருக்கும் நேரத்தில் துடிப்பைக் கணக்கிடாமல் விட்டால் அந்த 180 காணாமல் போகும்.

சேகரம், பவர்பேங்க் என்கிறார். மின்கம்பி இரைச்சல் உட்கார்ந்தாலும் வரும். இவருக்கு நடந்தால்தானே வருகிறது?

சர்க்யூட்_சேகரம்
பக்கத்தில் டியூப்லைட் இருந்தாலே போதும், உடம்பே ஆன்டெனாதான். அந்த 50 ஹெர்ட்ஸை மட்டும் வெட்டும் நாட்ச் ஃபில்டர் போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

ஓவர்லாக்
திருப்பூரில் சாம்பிள் செக்‌ஷனில் இருக்கிறேன். சர்க்யூட் தெரியாது, துணி தெரியும். அந்தப் பையனைக் கண்ணாடி முன் நிறுத்திக் கையைத் தூக்கச் சொல்லுங்கள். தளர்வான சிங்கிள் ஜெர்சி, அதாவது சாதாரண பனியன் துணி, தோளில் மூன்று விரல் அளவு மேலே ஏறும், கையை இறக்கினால் பழைய இடத்துக்கு வராமல் சுருங்கி நிற்கும். நீங்கள் எலக்ட்ரோடு தைத்திருப்பது அதே இடத்தில். நடக்கும்போது கை வீச வீச அது தோலில் தேய்ந்துகொண்டே இருக்கும்.

மார்புக்குக் கீழே, விலா எலும்பைச் சுற்றி லைக்ரா கலந்த, நன்றாக இழுபடும் ரிப் துணியில் நாலு விரல் அகலப் பட்டை தைத்து, எலக்ட்ரோடுகளை அங்கே மாற்றுங்கள். ஒவ்வொன்றுக்கும் பின்னால் பிரா கப் ஸ்பாஞ்ச் ஒரு துண்டு வைத்தால் தோலோடு அழுத்தி நிற்கும். கடத்தும் நூலை நேர்த்தையலில் போட்டீர்களா? துணி இழுபடும்போது நூல் இழுபடாது, அறுந்துவிடும். ஜிக்ஜாக் போடுங்கள்.

வாட்ச்_வாசு
இவ்வளவு பாடு எதற்கு? கையில் கட்டும் வாட்ச் போதுமே. நான் தினமும் ஓடுகிறேன், சரியாகத்தான் காட்டுகிறது.

மின்மினி
வாட்ச் பச்சை விளக்கு அடித்து ரத்தம் ஏறி இறங்குவதைப் பார்க்கிறது, இதயத்தின் மின் அலை அதில் தெரியாது. சில வாட்ச்களில் ஈசிஜி உண்டு, ஆனால் மறு கை விரலை வைத்து அசையாமல் அரை நிமிடம் உட்கார வேண்டும். நாள் முழுக்க நடமாடும் ஒருவருக்குத் தொடர்ந்து ஈசிஜி எடுக்கத்தான் துணி.

பழைய_ஸ்கோப்
ஆஸ்பத்திரியில் நாள் முழுக்க ஈசிஜி பதியும் ஹோல்டர் கருவி இருக்கிறது, ஜெல் பேட் இருக்கிறது. துணி என்பது கண்காட்சிச் சரக்கு.

ஓவர்லாக்
அப்படிச் சொல்லாதீர்கள் சார். 1990களிலேயே அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தில் சுந்தரேசன் ஜெயராமன் குழு போர்வீரர்களுக்காக இப்படி ஒரு சட்டை நெய்தது. அவர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். குண்டு பாய்ந்த இடத்தைக் கண்டுபிடிக்கவே சட்டைக்குள் ஒளியிழை ஓட்டியிருந்தார்கள். எங்கள் ஊரில் எல்லாத் தறியும் இருக்கிறது, இந்தப் பிள்ளைகள் மாதிரி நாலு பேர் வந்தால் இங்கேயே செய்யலாம் என்பது என் நெடுநாள் ஆசை.

வாட்ச்_வாசு
காட்டனை விட்டுவிட்டு முழு பாலியஸ்டருக்குப் போகலாமே?

ஓவர்லாக்
பாலியஸ்டர் தோலில் உரசினால் நிலைமின்சாரம் ஏறும், கோடு இன்னும் குதிக்கும். காட்டனும் லைக்ராவும் கலந்தது போதும்.

மின்மினி
கடைசிவருடம், எலக்ட்ரோடு துணியில் சில சொட்டுத் தண்ணீர் தடவிவிட்டுப் போடுங்கள், பத்து நிமிடம் போனால் வியர்வையே அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும். ஈரம் பற்றிப் பழைய_ஸ்கோப் சொன்னது சரிதான். நடக்கும் டேட்டாவில் துடிப்பை மட்டும் எண்ண 5 முதல் 15 ஹெர்ட்ஸ் வரை வடிகட்டுங்கள், 1985இல் வந்த பான்-டாம்ப்கின்ஸ் முறை அதைத்தான் செய்கிறது.

கடைசிவருடம்_ஈசிஈ
பட்டை, ஸ்பாஞ்ச், தண்ணீர் மூன்றும் செய்தோம். நடந்தால் 95 பக்கம் நிற்கிறது, கையில் நாடி பிடித்து எண்ணினாலும் அதேதான். படி ஏறினால் இன்னும் தாவுகிறது. பின் 25இல்தான் செருகியிருந்தோம், 34க்கு மாற்றிவிட்டோம். ஓவர்லாக் அண்ணா, மின்மினி, ரொம்ப நன்றி. தையல் பாக்கி இருக்கிறது, போகிறேன்.

ஓவர்லாக்
துவைக்க வேண்டி வந்தால் ப்ளீச் போடாதீர்கள், வெள்ளி கறுத்துவிடும். கையால் அலசி நிழலில் காயவையுங்கள்.

சர்க்யூட்_சேகரம்
நாட்ச் ஃபில்டர் போட்டீர்களா?

ஓவர்லாக்
ஒரு வாரம் ஆயிற்று. ரிவ்யூ எப்படிப் போனது தங்கச்சி?